சேஃப்டிக்கு ஒன்று

முதல் டேக்கே போதுமானதாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரெஜிக்கு மட்டும் தெரியும். அவன் ஒலிப்பதிவாளன். அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் அருகில் உட்கார்ந்திருந்தான்.

என் பெயர் சுகிர்தா. பாட்டு எழுதி, மெட்டமைத்து, நானே பாடுகிறவள். பதினோரு வருடங்களில் நான்கு ஆல்பங்கள். ஐந்தாவதன் பெயர் ‘இடப்பக்கம்’. அது என் கணவர் தயாபரனைப் பற்றியது. பக்கவாதம் வந்து அவருக்கு இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நான்கு வருடங்கள் படுக்கையில் இருந்தார். ஒரு வியாழக்கிழமை காலை நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

எட்டுப் பாட்டுகள். ஏழில் சிக்கல் இல்லை. நாங்கள் சந்தித்தது, ஒரு வருடம் பேசாமல் இருந்தது, பெரம்பூர் வீடு, முப்பத்தாறு வயதில் அவர் நீச்சல் கற்றுக்கொண்டது. எட்டாவது பாட்டு அந்த வியாழக்கிழமை.

தடம் இல்லாத பாட்டை இப்போது யாரும் கேட்பதில்லை. பாடும்போது தலையில் ஒரு தொப்பியை மாட்டுகிறார்கள். பாடுகிறவருக்குள் நடப்பது குரலோடு சேர்ந்து பதிவாகிறது. அதைத்தான் தடம் என்கிறோம். கேட்கிறவர் காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டால் அது அவருக்குள்ளும் நடக்கும். முகம் தெரியாது, இடம் தெரியாது. உணர்வு மட்டும் வரும், உடம்போடு வரும். மின்சார ரயிலில் ஒருவர் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏதோ பாட்டு கேட்கிறார் என்று விட்டுவிடுவார். ஊர் பழகிவிட்டது.

எட்டாவது பாட்டைப் பாடி முடித்தேன். ரெஜி வில்லையை என்னிடம் நீட்டினான்.

“நீயே கேட்டுப் பாரு.”

நீ எழுந்து போன பின்னும் போர்வை பாதி மடியாமல் இருக்கிறது என்று தொடங்கும் பாட்டு. குரல் நன்றாக இருந்தது. சரணத்தில் குரல் தழுதழுக்கும் இடத்தில் உணர்வு வந்தது. மூன்று மாடி ஏறி வந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி. தோள் லேசானது. மூச்சு சீரானது. அவ்வளவுதான்.

இது என்ன என்று கேட்டேன். உன்னோடதுதான் என்றான். துக்கம் எங்கே என்றேன்.

“இருக்கு. அடியில இருக்கு. மேல இதுதான் இருக்கு.”

“இத வெளிய விட முடியாது ரெஜி. அவரோட அக்கா கேப்பாங்க. ஊரே கேக்கும். புருஷன் போன அன்னிக்கு இவளுக்கு அப்பாடான்னு இருந்திருக்குன்னு தெரிஞ்சிடும்.”

“வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர வச்சுப் பாத்த எல்லாருக்கும் இது தெரியும்.”

“தெரியும். யாரும் சொல்லிக்க மாட்டாங்க.”

மறுநாள் மறுபடி பாடினேன். அதற்கடுத்த நாளும் பாடினேன். ஒவ்வொரு முறையும் குடம் இறங்கியது. நான்காவது டேக்கில் அதுவும் மங்கலாக இருந்தது. ரெஜி தொப்பியைக் கழற்றச் சொன்னான்.

“போதும். தேயுது.”

தேய்வது பற்றி எனக்கு அரைகுறையாகத் தெரியும். மற்ற பாட்டுகளை ஒன்றிரண்டு டேக்கில் முடித்திருந்ததால் கவலைப்பட்டதில்லை. ரெஜி அன்றுதான் பொறுமையாக விளக்கினான்.

“ஒரு ஞாபகத்த எடுக்கும்போது அது இளகும். வேலை முடிஞ்சதும் திரும்ப இறுகும். எல்லாருக்கும் தினமும் நடக்கிறதுதான். தொப்பி மாட்டியிருந்தா, இறுகும்போது கொஞ்சம் குறைஞ்சு இறுகும். ஞாபகம் போகாது. என்ன நடந்துச்சு, என்ன கிழமை, எல்லாம் இருக்கும். அது மேல இருக்கிற சூடு போயிடும்.”

“எவ்வளவு போகும்?”

“ஆளப் பொறுத்தது. ஞாபகத்தையும் பொறுத்தது. எடுத்து எடுத்துப் பாத்த ஞாபகம் கெட்டியா இருக்கும், மெதுவாத் தேயும். தொடாம வச்சிருந்ததுதான் சீக்கிரம் போகும்.”

எனக்கு இருந்த வழி ஒன்றுதான். சினிமாவில் அது புதிதில்லை. நாயகன் அழும் காட்சியில் தடம் நாயகனுடையது அல்ல. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். சாலிகிராமத்தில் ஒரு சங்கமே உண்டு. சினிமாக்காரர்கள் அவர்களை வாடகைக் கண்ணீர் என்று கேலி செய்வார்கள், அவர்கள் முன்னாலேயே. ஆனால் என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. எங்கள் ஆல்பங்களின் அட்டையில் ‘சொந்தத் தடம்’ என்று போட்டிருக்கும். கேட்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

ஒரு பாட்டுக்கு மட்டும், என்றேன். ரெஜி ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்தான்.

பொற்கொடி வியாசர்பாடியிலிருந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். நீலப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, கையில் ஒரு துணிப்பை. ஸ்டுடியோவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். பாட்டை மூன்று முறை கேட்டாள். நான்காவது முறை கேட்கும்போது விரலால் தொடையில் எண்ணிக்கொண்டே வந்து, சரணத்தின் இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

“இங்கதானே மேடம் உடையணும்?”

ஆமாம் என்றேன்.

“முன்னாடியே உடைஞ்சா பாட்டு கெட்டுடும். பின்னாடி உடைஞ்சா நாடகமாயிடும்.”

தடம் கொடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தொப்பி மாட்டும் முன் ஒரு துண்டுத் தாளில் எந்த ஞாபகத்தைக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை எழுதி மடித்து வைத்துக்கொள்வார்கள். யாரும் அதைப் படிக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. எதற்கு என்று நான் கேட்டதற்கு, எது எதுல கை வச்சிருக்கோம்னு நமக்கே தெரியணுமில்ல மேடம், என்றாள்.

அன்று இரண்டு டேக் கொடுத்தாள். சரியான இடத்தில் உடைந்தது. துக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு சத்தம் இருந்தது. நாலு பேர் நடுவே அழுத அழுகை. முடிந்ததும் தண்ணீர் குடித்து எழுந்துவிடக்கூடியது.

நான் அதைச் சொன்னேன். பொற்கொடிக்குக் கோபம் வரவில்லை. உங்க காது நல்ல காது என்றாள். கொடுத்தது அவள் அப்பா இறந்த நாள். இருபது படங்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறாள். வழக்கத்தை மீறி அவளாகவே சொன்னாள்.

“வேற எதுவும் இல்லையா?”

“இருக்கு. அது தரமாட்டேன்.”

ஏன் என்று கேட்கவில்லை. அவள் துணிப்பையைத் திறந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னாள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. மகிழினி. டெங்கு. ஆறு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி, சுடுகாடு, பதினாறாம் நாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்துவிட்டாள். முதலில் அது நல்லதாகவே இருந்திருக்கிறது. தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. எல்லோரும் தேறிட்டாளே என்றார்கள். பிறகு ஒருநாள் யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல மேடம். ரேஷன் கடை வரிசைல நின்னேன். மகி போயி பத்து நாள். அங்க ஒண்ணும் நடக்கல. சும்மா நின்னேன். அவ்ளோதான். அத மட்டும் வச்சிருக்கேன். அதுவும் போச்சுன்னா எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுன்றது ஆதார் கார்டுல இருக்கிற மாதிரிதான் இருக்கும்.”

நான் அன்றே விட்டிருக்க வேண்டும். அப்பாவின் தடமே பாட்டுக்குப் போதும். பத்தில் ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

விடவில்லை. அவளை டீ குடிக்க அழைத்துப் போனேன். ஸ்டுடியோவின் பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவளிடம் தயாபரனைப் பற்றிச் சொன்னேன். பாட்டில் இல்லாததையும் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தது. இடது கையும் காலும் சுருங்காமல் இருக்கத் தினமும் தைலம் தேய்த்தது. கடைசி வருடம் அவர் என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டது. பிறகு, ரெஜியைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வருடமாகியும் வரவில்லை. அவரை நேசித்தேனா என்றே சந்தேகமாக இருக்கிறது.

நான் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் எதற்காகச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பொற்கொடி டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“அழுகை வராம இருக்கிறது கொடுமை மேடம்.”

“ஆமா.”

“ஒரு டேக்கு. ஒண்ணே ஒண்ணு. நல்லா வந்தாலும் வராட்டியும் அதோட சரி.”

சரி என்றேன். ரெஜியிடமும் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்து, நல்லா யோசிச்சுக்க, என்றான். ஒரு டேக்குதானே என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். துண்டுத் தாளில் எழுதி மடித்து இடுப்பில் செருகினாள். உட்கார்ந்து கொடுப்பதுதான் வழக்கம். அன்று நின்று கொடுக்கிறேன் என்றாள். ரெஜி ஸ்டூலை அகற்றினான். விளக்கைக் குறைக்கட்டுமா என்று கேட்டான். வேணாம் சார், அங்க நல்ல வெயிலு, என்றாள்.

பாட்டு ஓடியது. பொற்கொடி கண்ணை மூடியிருந்தாள். பல்லவி முழுவதும் அசையவில்லை. கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. இடையிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள், வரிசை நகர்ந்தது போல.

சரணம் வந்தது. இரண்டாவது வரிக்கு முன், அவளுடைய இடது இடுப்பு வெளியே போனது. தானாகப் போனது. உடம்பின் எடை முழுவதும் இடது காலுக்கு மாறியது. இடது கை மடிந்து, இடுப்பைச் சுற்றி, எதையோ அணைத்துக்கொள்ளும் வட்டத்தில் நின்றது. நீண்ட நேரம் வரிசையில் நிற்கும் தாய்மார்கள் நிற்பது போல. அந்த வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. அவள் முகம் மாறவில்லை. கண்ணீர் வரவில்லை. கை மட்டும் சற்றுப் பொறுத்து, மெதுவாக, கீழே இறங்கியது.

எனக்கு வில்லை ஒட்டியிருந்தது. என் இடுப்பும் போனது. அங்கே உட்கார வேண்டிய கனம் உட்காரவில்லை. அந்த இல்லாமை எலும்பு வரை இறங்கியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது வந்தது அழுகை. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்தது. தயாபரனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. ரெஜி பொத்தானிலிருந்து கையை எடுத்தான். திரையில் அந்த அலை சுத்தமாக, முழுதாக நின்றது. திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கை அழுத்தினேன்.

“பிரமாதம் பொற்கொடி. சேஃப்டிக்கு ஒண்ணு போயிடலாம்.”

பதினோரு வருடப் பழக்கம். நல்ல டேக் கிடைத்ததும் எல்லா ஸ்டுடியோவிலும் எல்லோரும் சொல்வது. ஃபைல் கெட்டுப்போனால், ஒரு சத்தம் புகுந்திருந்தால், பிறகு தேவைப்பட்டால். சேஃப்டியை யாரும் டேக் என்று எண்ணுவதில்லை. என் வாய் அதைச் சொன்னபோது நான் கொடுத்த வார்த்தை எனக்கு நினைவில்லை. இதை நம்புவது கடினம். நானே சில நாள் நம்புவதில்லை.

பொற்கொடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவளும் இருபது வருடம் இந்த வேலையில் இருப்பவள். அதற்கு முன் கோரஸ் பாடியவள். சேஃப்டிக்கு ஒன்று என்றால் மறுத்துப் பழக்கமில்லாதவள். ஒரு நொடி உதட்டைத் திறந்தாள். பிறகு தலையாட்டினாள்.

ரெஜியின் விரல் பொத்தான் மேல் நின்றது. நின்ற நேரம் எனக்குத் தெரிந்தது. அவன் அழுத்தினான்.

இரண்டாவது முறை அவள் நேராக நின்றாள். பாட்டு முடியும்வரை இரண்டு காலும் தரையில் சமமாக இருந்தன.

தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். முடிஞ்சிதா மேடம் என்று கேட்டாள். முடிந்தது என்றேன். வாசல் வரை போனவள் திரும்பி, வெளிய மழ வர மாதிரி கீதே, குடை எடுத்துனு வர்ல, என்றாள். அவள் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் ரெஜி தலை குனிந்துகொண்டான்.

முதல் டேக்கைத்தான் பயன்படுத்தினோம். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆல்பம் வெளியானது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. எட்டாவது பாட்டைக் கேட்டவர்கள் அனைவரும் ஒன்றையே எழுதினார்கள். இடது இடுப்பில் என்னவோ ஆகிறது, நிற்க முடியவில்லை. ஒரு விமர்சகர் இதை வியந்து எழுதினார். கணவரின் செயலிழந்த இடப்பக்கத்தை மனைவி தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறார், காதலின் உச்சம் இதுதான் என்றார். தலைப்போடு அது கச்சிதமாகப் பொருந்தியது. அட்டையில் ‘சொந்தத் தடம்’ என்று நிறுவனம் வழக்கம்போல் அச்சிட்டிருந்தது. நான் போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். இரண்டே வரி. உங்களுக்கு ஒரு குழந்தை இறந்திருக்கிறதா, நான் தவறாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள். அந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை.

தயாபரனின் அக்கா தொலைபேசியில் அழுதார். உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்டி சுகி, அவன் போன அன்னிக்கு நீ கல்லு மாதிரி நின்னியேன்னு நினைச்சேன், என்றார். பரவாயில்லை அண்ணி என்றேன்.

பாட்டு வெளியாகி ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு பொற்கொடி என் வீட்டுக்கு வந்தாள். மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, தயாபரனின் படத்தைப் பார்த்து, சார் நல்லா களையா இருக்காரு என்றாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

போன வாரம் மகிழினியின் நினைவு நாள். படத்துக்கு மாலை போட்டு, பிஸ்கட்டும் மாம்பழமும் வைத்துப் படைத்திருக்கிறார்கள். அவள் கணவர் ஏகாம்பரம் அழுதிருக்கிறார். நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் அழுதிருக்கிறார்கள்.

“நான் நிக்கிறேன். எனக்கு என்ன ஓடுதுன்னா, சாம்பாருக்கு உப்பு போட்டனா இல்லியான்னு ஓடுது. அவரு என்னப் பாத்தாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நல்ல மனுஷன். அன்னிக்கு சொன்னாரு. நீ அவளப் பெத்தவதானாடின்னு கேட்டாரு.”

நான் அவள் தம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன்.

“அவரு கேட்டதுக்குக்கூட எனக்கு வலிக்கல மேடம். அதுதான் பயமாப் போச்சு. அந்தத் துண்டுத் தாள எடுத்துப் பாத்தேன். ரேஷன் கடைன்னு எழுதியிருக்கு. ஆமா, போனேன், நின்னேன். சக்கர போட்டாங்க அன்னிக்கு. எல்லாம் தெரியுது. ஏன் அத வச்சிருந்தேன்னுதான் தெரியல.”

“பொற்கொடி, என்னோட தப்பு அது. ஒரு டேக்குன்னு சொல்லிட்டு நான்…”

“சேஃப்டி எல்லாரும் எடுக்கிறதுதான மேடம்.”

அவள் அதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்.

அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள். அவளிடம் வில்லை இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கூடக் கேட்டிருக்கிறாள், யாரோ போட்டிருந்தார்கள், வில்லை இல்லாததால் குரல் மட்டும்தான் வந்தது. எதில் போனதோ அதிலேயே திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளறைக்குப் போய் ரெஜிக்குத் தொலைபேசி செய்தேன்.

“வராது சுகிர்தா,” என்றான். “கேக்கும்போது வரும். எல்லாருக்கும் வர்ற மாதிரி அவங்களுக்கும் வரும். ஆனா அது போய் உக்கார அவங்ககிட்ட இடம் இல்ல. ஊர்ல யாரோ அழுத அழுகை மாதிரிதான் இருக்கும்.”

“சேஃப்டில ஏதாவது இருக்குமா? அத நாம பயன்படுத்தவே இல்லையே.”



“நான் கேட்டேன். போன மாசம். இருட்டுல அலமாரியில கைய விட்டுத் தேடுற மாதிரி இருக்கு. ஏதோ ஒண்ணு விரல்ல படுது. அப்புறம் அதுவும் இல்ல. முழு டேக்கும் அதுதான்.”

“நீ அன்னிக்கே நிறுத்தியிருக்கலாம்.”

“இருக்கலாம்,” என்றான். “நானும் இருபது வருஷமா சேஃப்டி எடுக்கிறவன்தான்.”

கூடத்துக்கு வந்தேன். அவள் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி வில்லையை ஒட்டினேன். பாட்டைப் போட்டேன்.

பல்லவி. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடையிசை. சரணம் வந்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தேன். இரண்டாவது வரியில் அவள் நாற்காலியில் லேசாகச் சாய்ந்தாள். இடது கை எழுந்தது. எழுந்து, இடுப்பின் மேல் வந்து நின்றது. அவள் கண் நிறைந்தது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. பொற்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பாவம்மா நீ. இவ்ளோவ எப்படிம்மா தாங்கினே?”

மேடம் போய்விட்டது. அவள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். வேறு யாருக்காகவும் அவள் அழவில்லை. எனக்காக, என் கணவருக்காக அழுதாள். மனதாரத்தான் அழுதாள்.

“உனக்கு எதுவும்… வந்துச்சா?” என்று கேட்டேன். நானும் அவளை ஒருமையில் கேட்டது பிறகுதான் உறைத்தது.

யோசித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். கை இன்னும் இடுப்பில் இருந்தது. விரலால் அங்கே அழுத்திப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் புடிச்சிக்கிச்சு. எட்டாம் நம்பர் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், ஒரு எடம் கெடைக்கல. அதான்.”

அதை நான் சொல்லியிருக்கலாம். நீ நின்ற விதத்தைக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். உன் கை எந்த வட்டத்தில் நின்றது என்று நின்று காட்டியிருக்கலாம். அவள் கேட்டுக்கொள்வாள். ஓ, அப்படியா, என்பாள். ரேஷன் கடையில் சர்க்கரை போட்டதைப் போல அதையும் வைத்துக்கொள்வாள்.

தைலம் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டேன். வேணாம்மா என்றாள், ஆனால் வலித்திருக்க வேண்டும், பாயை விரித்ததும் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில் பாதிப் புட்டி இருந்தது. தயாபரனுக்கு வாங்கியது. மூடி இறுகிப் போயிருந்தது.

தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் உரசிச் சூடாக்கினேன். எலும்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து, அழுத்தி, கீழே இறக்கி, தொடை வரை இழுத்தேன். பிறகு மேலே. கை தன் வேலையைச் செய்தது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும், எத்தனை முறை என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் நான்கு வருடம் செய்தது. வியர்க்கும், முதுகு வலிக்கும், அடுப்பில் கஞ்சி பொங்கும், அவர் சிஸ்டர் போதும் என்பார், நான் இன்னும் கொஞ்சம் என்பேன்.

பொற்கொடி கண்ணை மூடியிருந்தாள். சற்று நேரம் கழித்துப் பேசினாள்.

“நல்லாப் பழகின கை. சாருக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு வந்ததா?”

“ஆமா.”

அவள் அப்படியே படுத்திருந்தாள். தொழில் தெரிந்தவள். இருபது வருடம் தடம் கொடுத்தவள். என் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“அந்தப் பாட்டுல இந்தக் கை இல்லியேம்மா,” என்றாள்.

இல்லை என்றேன். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.